ஊறுகாய்த் திருடன் என்று பேர் வாங்கிய ஆறு வருடம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு உரக்கடை இருக்கிறது. அப்பா காலத்துக் கடை. 2017-ல் ஊரில் ஒரு ரத்ததான முகாம் நடந்தது. நண்பர்களோடு நானும் போய் வரிசையில் உட்கார்ந்தேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டார். "170-க்கு 110 இருக்கு சார். உங்ககிட்ட ரத்தம் எடுக்க முடியாது, நீங்கதான் போய்க் காட்டணும்" என்றார்கள். எனக்கு அப்போது வயது 34. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, சிகரெட் இல்லை. நண்பர்கள் ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்க நான் மட்டும் வெறும் கையோடு எழுந்து வந்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் ஆம்லோடிபின் 5. ஆறு மாதம் கழித்து டெல்மிசார்ட்டன் 40. பிறகு அதுவே 80. அப்புறம் ஒரு மூத்திர மாத்திரையும் சேர்ந்துகொண்டது. மாதம் சுமார் 1,100 ரூபாய் மருந்துக்கு. அப்படியும் 150-க்குக் கீழே பிரஷர் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உப்பைக் குறைச்சீங்களா?" குறைத்துவிட்டேன் என்றால் அவர் என் மனைவியைப் பார்ப்பார். மனைவி என்னைப் பார்ப்பாள். வேதாரண்யத்துக் கல்லுப்பை மூட்டையாக வாங்கி வைத்து நார்த்தங்காயும் மோர் மிளகாயும் போடுகிற வீடு எங்களுடையது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய ஊருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு உப்பில்லாமல் சாப்பிடு என்றால் யார் நம்புவார்கள்? எனக்கென்று தனியாக ஒரு சின்னக் குக்கர் வந்தது. அம்மா ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றினார். அப்படியும் பிரஷர் குறையாததால், கடையில் உட்கார்ந்து ரகசியமாக ஏதோ தின்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் என் மச்சான் எல்லார் முன்னாலும் என் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துப் போட்டபோது எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆறு வருடத்தில் நாலைந்து தடவை மோர் மிளகாய் திருடித் தின்றிருக்கிறேன். ஆனால் 34 வயதில் 170 வருவதற்கு அது காரணமில்லை.

இதற்கு நடுவில் ராத்திரி நாலு தடவை மூத்திரத்துக்கு எழுந்திருக்க ஆரம்பித்தேன். சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். மூன்று தடவை பார்த்தோம், இல்லை. ஆடுசதை இழுத்துப் பிடிக்கும், படி ஏறினால் தொடை கனக்கும். கடையில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரஷர், ராத்திரி மூத்திரம், தசை இழுப்பு மூன்றையும் மூன்று டாக்டரிடம் தனித்தனியாகச் சொன்னேன். மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒரே ஆளிடம் கொடுத்திருந்தால் ஒருவேளை அப்போதே பிடிபட்டிருக்கும். உங்களுக்கு பிரஷர் இருந்து, அதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி வேறு ஏதாவது தொந்தரவும் இருந்தால், அதையும் அந்த டாக்டரிடமே சொல்லிவிடுங்கள். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

2023 ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள். குறுவை வேலை சூடு பிடித்த நேரம், கடையில் நிற்க இடமில்லை. லோடுமேன் ஒருவர் வரவில்லை என்று நானே ஒரு யூரியா மூட்டையை இழுத்து நிமிர்த்தப் போனேன். வெறும் 45 கிலோ மூட்டை, எத்தனையோ தூக்கியிருக்கிறேன். முட்டிக்குக் கீழே கால் இல்லாதது போல அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. வாய் கோணவில்லை, பேச்சு வந்தது, ஆனால் இரண்டு காலும் கேட்கவில்லை. பக்கவாதம் என்று யாரோ கத்தினார்கள். காரில் தஞ்சாவூர் போகும் வழியெல்லாம், பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்புதான். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன், முதுகுக்கு ஸ்கேன், எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக வந்த ரத்த ரிப்போர்ட்டில்தான் விஷயம் இருந்தது. பொட்டாசியம் 2.3. சாதாரணமாக 3.5-க்கு மேல் இருக்க வேண்டும்.

உரக்கடைக்காரனுக்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? பொட்டாசியம் என்றால் எங்கள் பாஷையில் சாம்பல் சத்து. பயிருக்குச் சாம்பல் சத்து குறைந்தால் அடி இலை நுனியும் ஓரமும் பழுத்துக் காயும், தண்டில் தெம்பு இருக்காது, காற்றடித்தால் சாய்ந்துவிடும். இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லிப் பொட்டாஷ் விற்றவன், பொட்டாஷ் இல்லாமல் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்திருக்கிறேன். நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள். கை முழுக்கத் தீயாக எரியும், மெதுவாகத்தான் ஏற்ற முடியும். மூன்று நாள், 46,000 ரூபாய். "மூத்திர மாத்திரையால வந்தது, நிறுத்திட்டோம், இனிமே வராது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சின்ன அளவு மாத்திரைக்கே இந்த அளவு சரிந்தால், அடியில் வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி 2.9. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்ட்டனோ பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடிய மாத்திரை. அது உள்ளே இருந்தும் இறங்குகிறது. டானிக் மாதிரி ஒரு பொட்டாசியம் சிரப் கொடுத்தார்கள். கசப்பும் கரிப்பும் கலந்து குமட்டும். அதைக் குடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, அங்கே இருந்த ஒரு இளம் டாக்டரிடம் பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்து, "சார், உங்களுக்கு யாராவது ஆல்டோஸ்டிரோன் பாத்தாங்களா?" என்றார். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அவர் சொல்லி எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி அட்ரினல் என்று ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று ஆல்டோஸ்டிரோன். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற ஒன்றை விட்டு ஆள் அனுப்பும். உடனே ஆல்டோஸ்டிரோன் வந்து, மூத்திரத்தில் போகிற சோடியத்தைத் திருப்பி இழுத்துக்கொள்ளும், பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். எங்கள் பக்கம் மதகு வைத்துச் சொன்னால் சுலபம். வயல் காய்ந்தால்தான் மதகைத் திறக்க வேண்டும், நிரம்பினால் மூட வேண்டும். என் சுரப்பியில் மதகு திறந்தபடியே பழுதாகிவிட்டது. ரெனின் கூப்பிடவே இல்லை, ஆனாலும் ஹார்மோன் ஓடிக்கொண்டே இருந்தது. நான் உப்பைப் பாதியாகக் குறைத்தாலும், இருக்கிற உப்பை உடம்பு விடாமல் பிடித்துவைத்துக்கொண்டது. ஆல்டோஸ்டிரோன் இப்படித் தானாகவே அளவுக்கு மீறிச் சுரக்கும் இந்த நோயை 1955-லேயே ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். அவர் பார்த்த நோயாளியும் பிரஷரும் தசைத் தளர்ச்சியும் இருந்த 34 வயதுப் பெண். பிரஷர் உள்ள நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவருக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்பதால் இது இல்லை என்று ஆகிவிடாது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சாதாரணமாகத்தான் இருக்கும். நான் விழுந்ததால் மாட்டினேன், விழாதவர்கள்தான் அதிகம்.

டெஸ்ட் எடுப்பதில் நான் செய்த தப்பைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அந்த டாக்டர் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கத்தான் சொன்னார். நான் அவசரத்தில் நேராக ஒரு லேபுக்குப் போய் 5,200 ரூபாய் கட்டி ரத்தம் கொடுத்துவிட்டேன். ரிசல்ட் இரண்டும் கெட்டானாக வந்தது. பிறகு திருச்சியில் ஹார்மோன் டாக்டரிடம் போனபோது அவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். முதல் காரணம், அன்றைக்குப் பொட்டாசியம் குறைவாக இருந்தது. அது குறைந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைத்துக் காட்டும். அதைச் சரிக்கட்டிவிட்டுத்தான் டெஸ்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது, சில பிரஷர் மாத்திரைகள் இந்தக் கணக்கையே குழப்பும். மூன்றாவதாக, "இருமலுக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம் என்றேன். அதில் அதிமதுரம் இருந்தது. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால், ஆல்டோஸ்டிரோன் செய்கிற வேலையைக் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் செய்ய ஆரம்பித்துவிடுமாம். பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும், டெஸ்டையும் கெடுக்கும். தொண்டைக்கு இதம் என்று பிரஷர்காரர்கள் தினமும் அதிமதுரம் மெல்வதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! நாட்டு மருந்தைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இப்போதும் கஷாயம் உண்டு. சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவர் டெல்மிசார்ட்டனை நிறுத்தி, டெஸ்டைக் குழப்பாத வேறு மாத்திரைகளைக் கொடுத்தார். இதை நீங்களாகச் செய்துவிடாதீர்கள், பிரஷர் எகிறினால் ஆபத்து. ஐந்து வாரத்துக்குப் பொட்டாசியம் சிரப்பைக் கூட்டினார். அப்புறம் என் மனைவியைப் பார்த்து, "டெஸ்ட் முடியிற வரைக்கும் இவருக்கு உப்பு குறைக்க வேணாம்மா, எல்லாரும் சாப்பிடுற மாதிரியே போடுங்க" என்றார். உப்பை ரொம்பக் குறைத்தால் ரெனின் ஏறி நோய் ஒளிந்துகொள்ளுமாம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டாக்டர், நெசமாவா சொல்றீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அன்று ராத்திரி பரணிலிருந்து ஜாடி இறங்கியது. ஆறு வருடம் கழித்துத் தயிர் சாதத்துக்கு நார்த்தங்காய். சாப்பிடும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா மட்டும், "அப்ப இத்தனை நாளா நீ திருடலையாடா தம்பி?" என்று கேட்டார்.

காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு ரத்தம் கொடுத்தேன். இப்படித்தான் கொடுக்க வேண்டும், படுக்கையிலிருந்து எழுந்ததும் கொடுக்கக் கூடாது. இந்தத் தடவை ஆல்டோஸ்டிரோன் 34, ரெனின் 0.2. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 170. முப்பதைத் தாண்டினாலே சந்தேகப்படுவார்களாம். ஆனால் லேபுக்கு லேப் அளக்கும் முறையும் அலகும் வேறு. என் எண்ணை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். சிலருக்கு நாலு மணி நேரம் சலைன் ஏற்றி உறுதிசெய்கிற ஒரு டெஸ்டும் உண்டு. என் எண்கள் இருந்த லட்சணத்தில் அது தேவைப்படவில்லை.

வயிற்று ஸ்கேனில் இடது அட்ரினலில் 1.4 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய்க் கட்டி மாதிரி தெரியவில்லை என்றார்கள். நாளைக்கே அறுத்துவிடலாம் என்று நான் குதித்தேன். டாக்டர் மறுத்துவிட்டார். கட்டி ஒரு பக்கம் சும்மா இருக்க, ஹார்மோன் மறுபக்கத்திலிருந்தோ இரண்டு பக்கத்திலிருந்துமோ வரலாம். ஸ்கேனை மட்டும் நம்பி நல்ல சுரப்பியை எடுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. தொடை வழியாகக் குழாய் விட்டு இரண்டு அட்ரினல் நரம்பிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இங்கேதான் பெரிய பணம் போனது. சென்னையில் எனக்குத் தெரிந்தவர் சொன்ன ஒரு இடத்தில் 55,000 கட்டினேன். வலது பக்க நரம்பு சின்னது, நேராகப் பெரிய ரத்தக் குழாயில் போய்ச் சேருவது, பிடிப்பது கஷ்டம். அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பணம் போனது போனதுதான். கோயம்பேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, இனிமேல் வேண்டாம், மாத்திரையிலேயே காலம் தள்ளலாம் என்று மனைவியிடம் சண்டை போட்டேன். இரண்டு மாதம் கழித்து, இதையே அடிக்கடி செய்கிற இடமாகப் பார்த்து 62,000-க்கு எடுத்தோம். கிடைத்தது. இடது பக்கம்தான். பணம் கட்டுவதற்கு முன்னால், "இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க, வலது பக்கம் எத்தனை பேருக்குக் கிடைச்சுது?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் கேட்டேன். யாரும் கோபிக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பணம் புரளவில்லை. 2024-ல் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். கடையில் கொடுத்த கடன் எதுவும் திரும்பவில்லை. அதுவரை ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரை. அது ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும். இரண்டு பக்கமும் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபரேஷன் கிடையாது, இந்த வகை மாத்திரைதான் வைத்தியம். பிரஷர் முதல் தடவையாக 140-க்குக் கீழே இறங்கியது. ஆனால் மூன்றாவது மாதத்தில் எனக்கு மார்பு வீங்கி, சட்டை உரசினாலே வலித்தது. ஆண்பிள்ளை இதை யாரிடம் சொல்வான்? ஒரு மாதம் மறைத்தேன். கடைசியில் சொன்னபோது டாக்டர், "இதுக்குப் போய் வெக்கமா? ஆம்பளைங்களுக்கு இந்த மாத்திரையில வர்றதுதான்" என்று சாதாரணமாக அதே வகையைச் சேர்ந்த எப்ளரினோன் என்ற மாத்திரைக்கு மாற்றிவிட்டார். விலை கூடுதல், வலி போயிற்று. அதே சமயத்தில் மனைவி ஆசையாக ஒரு 'லோ சோடியம்' உப்பு பாக்கெட் வாங்கிவந்தாள். பின்னால் படித்துப் பார்த்தேன்: பொட்டாசியம் குளோரைடு கலந்தது. கடையில் நான் மூட்டையாக விற்கிற பொட்டாஷும் அடிப்படையில் அதே சரக்குதான். ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது பொட்டாசியத்தைக் கண்டபடி ஏற்றி இதயத்தை நிறுத்தக்கூட வாய்ப்பு உண்டு. டாக்டரைக் கேட்காமல் அந்த பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.

2024 செப்டம்பரில் மூன்று சின்னத் துளை போட்டு இடது அட்ரினலை எடுத்தார்கள். ஆபரேஷன், மருத்துவமனை எல்லாம் சேர்த்து 1,85,000. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அன்றோடு பொட்டாசியம் சிரப் நின்றது. முதல் சில வாரம் உப்பை ரொம்பக் குறைக்காதே என்றார்கள். இத்தனை நாள் தூங்கிக்கிடந்த வலது சுரப்பி விழித்துக்கொள்ள நேரமாகும், அதுவரை பொட்டாசியம் ஏறிவிடக்கூடும் என்று வாராவாரம் ரத்தம் பார்த்தார்கள். ராத்திரி ஒரு தடவைகூட எழாமல் தூங்கியது முதல் வாரத்திலேயே நடந்தது. பிரஷர் இப்போது 130-க்கு 84. ஒரு ஆம்லோடிபின் மட்டும் தொடர்கிறது. முழுதாகக் குணமாகும் என்று எதிர்பார்த்திருந்தேன், அந்த வருத்தம் இருக்கிறது. இத்தனை வருட அழுத்தத்தில் ரத்தக் குழாய்கள் விறைத்துப்போயிருக்கும் என்றார் டாக்டர். 2017-லேயே கண்டுபிடித்திருந்தால் அந்த ஒரு மாத்திரையும் இல்லாமல் போயிருக்கலாம். போக்குவரத்து, தங்கல் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் ஒரு லட்சமாவது தெரியாத்தனத்துக்குக் கொடுத்தது. நான் வருமான வரம்பைத் தாண்டியவன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடையாது. அட்டை இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் உப்பு பாவமில்லையா என்று என் மச்சான் கேட்டார். பாவம்தான். இந்த ஹார்மோன் அதிகமாக இருக்கும்போது உப்பும் சேர்ந்தால்தான் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அடி பலமாக விழுகிறது. உப்பு கூடக் கூடப் பொட்டாசியமும் கூடுதலாக வெளியே போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நாங்கள் வீட்டில் நாலு பேர். அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 20 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது, ஊறுகாய்க்குப் போகும் கல்லுப்பு இதில் சேராது. பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டு லட்சணம் தெரிந்துவிடும். இந்துப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் கதைதான், அதிலும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு.

ரத்த சம்பந்தம் உள்ளவர்களில் பிரஷர் இருப்பவர்களும் ஒரு தடவை இந்த டெஸ்டைப் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 2025-ல் அமெரிக்காவின் என்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலோ பிரஷர் உள்ள எல்லாருக்குமே பார்க்கலாம் என்கிறது. என் தம்பிக்கு 36 வயது, போன மாதம் பார்த்தபோது 150-க்கு 96. "உனக்கு வந்தா எனக்கும் வரணுமா?" என்று முறைத்தான். பொட்டாசியம் முதலில் பார்த்தோம், 3.6. வியாழக்கிழமை காலை ஆல்டோஸ்டிரோனுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறான். ஆறு மணிக்கே எழுப்பி, கடையைத் திறந்து கூட்டிப் பெருக்கச் சொல்லியிருக்கிறேன், நடமாடின மாதிரியும் ஆச்சு. அவன் தலைமாட்டில் இருந்த அதிமதுரச் சூரணத்தைப் போன மாதமே எடுத்துப் பரணில், ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.